எவரிஸ்தோவின் உடைந்த சுரம்

வெயிலையும் பொருட்படுத்தாமல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலைமை ஏற்றிருக்கும் நகரத் தந்தை அவர்களே! இந்த ஊர்ப் பாடகனை அடக்கம் செய்த கைகளாலேயே இன்று இந்த விழாவை ஆசீர்வதிக்க வந்திருக்கும் பங்குத் தந்தை அவர்களே! அலையில் பிறந்து, அலையில் வளர்ந்து, அலைக்கு அஞ்சாத மீனவப் பெரியோர்களே! கறுப்பு முக்காட்டுக்குள் கண்ணீரை மறைத்து, கரையிலே காத்திருந்து காத்திருந்து, காத்திருப்பதையே கலையாக்கிய தாய்மார்களே! போர்த்தோ வெரானோ என்னும் இந்தச் சிறிய துறைமுகத்தின் பெரிய மனம் படைத்த மக்களே! உங்கள் அனைவருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்.

என் பெயர் உல்தெரீக்கோ பஸ்ஸானி. தொழில், மேடையிலே கெட்டவனாக நிற்பது. எனக்கு வாய்த்தது தடித்த குரல். தடித்த குரல்காரனுக்கு எங்கள் இசைநாடகத்தில் காதல் கிடைக்காது. சதி கிடைக்கும், சாபம் கிடைக்கும், கடைசியில் ஒரு கத்திக்குத்து கிடைக்கும். காதலெல்லாம் தெனோருக்கு. அந்த உச்சக்குரல்காரன் வாயைத் திறந்தால் வானம் திறக்கும். நான் வாயைத் திறந்தால் சிறைக்கதவு திறக்கும்.

என்ன ஐயா, கேட்கவில்லையா? பின்னாலே மீன்கூடை மேல் நிற்பவர் காதைக் காட்டுகிறார். முன்னே வாருங்கள் ஐயா. என் தொண்டைக்கும் தலை நரைத்துவிட்டது.

அதோ, உங்கள் நாடக அரங்கின் சுவரிலே ஒரு பளிங்குக் கல், துணி போர்த்தி நிற்கிறது. அந்தத் துணிக்குப் பின்னால் இருப்பது யார்? உங்கள் ஊரிலே கப்பல் பாய் தைத்தவரின் மகன். உங்கள் தெருவிலே ஓடியவன். உங்கள் கடலிலே நீந்தியவன். எவரிஸ்தோ பர்தோனி. அவனுடைய புகழை நீங்கள் அறிவீர்கள். அவனுடைய வீழ்ச்சியையும் அறிவீர்கள். ஆனால் அந்த வீழ்ச்சியின் காரணத்தை அறிவீர்களா? அதைச் சொல்லத்தான் மூன்று ரயில் மாறி வந்திருக்கிறேன்.

அவன் பாடத் தொடங்கிய கதை இந்த ஊருக்கே மனப்பாடம். கடல்மாதா பவனிக்கு அங்கோனாவிலிருந்து வந்த பாடகர், உங்கள் ஊர் சிப்பிக் குழம்பை ஆசையாகச் சாப்பிட்டார், அளவில்லாமல் சாப்பிட்டார், அப்புறம் கட்டிலை விட்டு எழவேயில்லை. பவனி பாதி வழியில் நிற்கிறது. பாட ஆளில்லை. படகிலே தார் பூசிக்கொண்டிருந்த ஒரு வாலிபன், கையைக்கூடத் துடைக்காமல், அந்தப் பாட்டை எடுத்தான். எடுத்தான் என்றா சொன்னேன்? ஏற்றினான். கொடியேற்றுவதைப் போல ஏற்றினான். மாதாவைச் சுமந்த மீனவர்கள் தோள் வலியை மறந்தார்கள் என்று உங்கள் தந்தையர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பொலோஞாவிலே அவனுக்குப் பயிற்சி. அங்கேதான் நானும் படித்தேன். ஆசிரியர் முதல் நாளே சொன்னார்:

“உன் தொண்டையில தேன் இருக்குடா. தலைக்குள்ளதான் வெறும் கடல்காத்து.”

இவன் சொன்னான்: “தேன் கெட்டுப்போகாம இருக்கக் காத்து வேணும் ஐயா.”

அந்தக் காற்று அவனை எங்கெல்லாம் கொண்டுசென்றது! நேப்பிள்ஸ் அவனைத் தோளில் தூக்கியது. மிலான் அவன் காலடியில் மலர் தூவியது. லிஸ்பனில் சீமாட்டிகள் கையுறை கிழியக் கைதட்டினார்கள். குளிர் நாட்டுத் தலைநகரிலே, பனியிலே, குதிரைகளை அவிழ்த்துவிட்டு மாணவர்களே அவன் வண்டியை இழுத்தார்கள். அந்த வண்டியில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் யார்? அவன் மனைவி. எர்சீலியா.

எர்சீலியா, திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் ஒருவரின் மகள். நாடகத்திலேயே பிறந்தவள். பெண் உச்சக்குரல். அவன் குரல் கொட்டும் அருவி என்றால், அவள் குரல் குடத்தில் எடுத்த நீர். அளவானது, தெளிவானது, தாகம் தீர்ப்பது. ஆனால் அருவிக்குப் பக்கத்தில் குடத்தை யார் பார்க்கிறார்கள்? அரங்க முதலாளிகள் அவனை மட்டும் கேட்டார்கள். அவனோ, “அவ பாடாத மேடையில எனக்கென்ன வேலை?” என்றான். வேறு வழியின்றி இருவரையும் எடுத்தார்கள். எடுத்தவர்கள் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பு அவள் காதில் விழாமல் இருந்திருக்குமா? ஒப்பனை அறையில் ஒருமுறை என்னிடம் சொன்னாள்:

“உல்தெரீக்கோ, புருஷன் நிழல்ல நிக்கிறது சுகந்தான். ஆனா நிழல்ல நிக்கிறவளுக்கு நிழலே விழாது, தெரியுமா?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு அவளுக்கு இருமல் வந்தது. முதலில் குளிர் என்றார்கள். அப்புறம் தூசி என்றார்கள். கைக்குட்டையில் சிவப்பு தெரிந்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. லிவோர்னோ மருத்துவர் பாடவே கூடாது என்றார். அவள் கேட்டாள்: “பாடாம இருந்தா பிழைப்பேனா டாக்டர்?” அவர் சன்னலைப் பார்த்தார். “அப்போ பாடிட்டே இருக்கேன்” என்று எழுந்துவிட்டாள்.

பெரியோர்களே, தாய்மார்களே! இனி நான் சொல்லப்போவது ஒரு நகரத்தில் நடந்தது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். என் மகளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறேன். சிரியுங்கள், சிரியுங்கள், சிரிக்கிற இடம் இதோடு முடிகிறது.

அந்த நகரத்து மேல்மாடிக் கூட்டத்துக்கு ஒரு பழக்கம். பாடுகிறவர் நன்றாகப் பாடினால் உயிரைக் கொடுப்பார்கள். ஒரு சுரம் பிசிறினால் உயிரை எடுப்பார்கள். சீழ்க்கை அடித்தே எடுப்பார்கள். மூன்றாம் அங்கம். சிறைக் கதவருகே கணவனும் மனைவியும் பிரிகிற காட்சி. கணவன் எவரிஸ்தோ. மனைவி எர்சீலியா. இருவருக்கும் நடுவே சாவிக்கொத்தோடு சிறைக்காவலன். அந்தப் பாவி நான்தான்.

முதல் அடியின் முடிவிலே அவள் ஏற வேண்டிய சுரம். ஏறினாள். பாதியில் மூச்சு அறுந்தது. குரல் கமறியது. மாடியிலிருந்து ஒரு சீழ்க்கை. ஒன்றே ஒன்று. வேட்டை நாய்களில் முதல் நாய் குரைப்பதைப் போல. எங்கள் மூவருக்கும் தெரியும்: இரண்டாம் அடியில் அதே சுரம் மறுபடி வரும். அவளிடம் மூச்சு இல்லை. மாடி உதடுகளைக் குவித்துக் காத்திருக்கிறது.

அதற்கு முன்னால் அவனுடைய சுரம். உலகமே வண்டி கட்டிக்கொண்டு கேட்க வந்த உச்ச சுரம். தூக்கத்திலே எழுப்பினாலும் தவறாத சுரம். அவன் அவளைப் பார்த்தான். மாடியைப் பார்த்தான். நான் ஒரு கை தூரத்தில் நிற்கிறேன். அவன் தொண்டை நரம்பு எனக்குத் தெரிகிறது. மூச்சை இழுத்தான். ஏறினான். உச்சிக்குப் போனான். போய், வேண்டுமென்றே, கண்ணைத் திறந்துகொண்டே, அந்தச் சுரத்தைக் கீழே போட்டு உடைத்தான்.

கழுத்து நெரிபட்ட சேவலைப் போல ஒரு சத்தம்.

அரங்கம் ஒரு கணம் திகைத்தது. பிறகு கூரை இடிந்தது போல் சீழ்க்கை, கூச்சல், சிரிப்பு. எர்சீலியா என்ன பாடினாள், எப்படிப் பாடினாள், பாடினாளா இல்லையா, ஒருவருக்கும் தெரியாது. அந்த இரைச்சலின் அடியிலே, தன் சிறிய மூச்சோடு, அவள் பத்திரமாகக் கரை சேர்ந்தாள். அவமானம் முழுவதையும் அவன் தன் தோளில் வாங்கிக்கொண்டான்.

திரை விழுந்ததும் அவள் அவன் சட்டையைப் பிடித்தாள்.

“ஏன் செஞ்ச?”

“தொண்டை சரியில்ல.”

“என்கிட்ட பொய் சொல்லாத. உன் தொண்டையை உன்னைவிட எனக்குத் தெரியும்.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“அந்த விசில் எனக்கு வந்தது, எவரிஸ்தோ. நான் பாடினேன், நான் தவறினேன், எனக்கு வந்தது. இத்தனை வருஷத்துல முழுசா எனக்குன்னு வந்தது அது ஒண்ணுதான். அதையும் நீ எடுத்துக்கிட்ட.”

தாய்மார்களே, இதைக் கேட்டு அவள் நன்றி கெட்டவள் என்று நினைக்காதீர்கள். தூக்கி விடுவதும் ஒரு கை. தூக்கியே வைத்திருப்பதும் அதே கை. தரையைத் தொட விடாத அன்பை எத்தனை நாள் ஒருத்தி தாங்குவாள்?

அவள் சொல்லியும் அவன் கேட்கவில்லை. அந்த நாடகப் பருவம் முழுவதும் அதே நாடகம், அதே காட்சி. அவள் மூச்சு தடுமாறுகிற இரவெல்லாம் அவன் குரலை உடைத்தான். பத்திரிகைகள் அவனுக்கு ‘வெரானோ சேவல்’ என்று பெயர் வைத்தன. கேலிப்படம் போட்டன. கொண்டை வைத்து, வால் வைத்துப் போட்டன. பருவம் முடிந்தது. அவள் மேடையை விட்டாள்; உடம்பு விட்டுவிட்டது. இனி உடைக்க வேண்டிய அவசியம் இல்லை. திரியெஸ்தேவில் ஒரு புதிய மேடை. அவன் மட்டும். நானும் கூட இருந்தேன். “இன்னைக்கு நிஜமா பாடப்போறேன்டா” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

போனான். ஏறினான். அந்தச் சுரம் உடைந்தது.

அவன் உடைக்கவில்லை, ஐயா. தானாக உடைந்தது. பொய்யாகப் பழக்கிய பிசிறு மெய்யாகிவிட்டது. குதிரைக்கு ஓரிடத்தில் தடுமாறக் கற்றுக்கொடுத்தால், அப்புறம் அந்த இடம் வரும்போதெல்லாம் அது தடுமாறத்தானே செய்யும்? தொண்டை மருத்துவர்கள் விளக்கை வைத்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றார்கள். தொண்டையில் இல்லை குறை. அச்சத்துக்கு எந்த மருத்துவர் விளக்குப் பிடிப்பார்?

எங்கே போவான்? இங்கேதான் வந்தான். நோயாளி மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, தான் பிறந்த மண்ணுக்கு வந்தான். உலகம் கைவிட்டவனை ஊர் கைவிடாது என்று நம்பி வந்தான்.

மீன் சந்தையிலே ஒருவர் கூவினார். கொக்கரக்கோ.

ஏன் இப்போது அமைதி? யாரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. பத்திரிகை சொன்னதை நீங்கள் நம்பினீர்கள். நம் ஊர்க்காரன் நம் மானத்தை வாங்கிவிட்டான் என்று வருந்தினீர்கள். வருத்தம் கேலியாக வெளியே வந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு மத்தி மீனை வாங்கிக்கொண்டு போனான். அன்றும் போனான். அடுத்த நாளும் போனான். பிறகு ஒரு காலை எர்சீலியா வந்தாள். நடக்க முடியாதவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். சந்தை நடுவிலே நின்று சொன்னாள்:

“கூவினவங்க எல்லாரும் கேளுங்க. மேடையில தவறினது அவரு இல்ல. நான். என்னை மறைக்கத்தான் அவரு தன் குரலை உடைச்சாரு. கூவணும்னா என்னைப் பார்த்துக் கூவுங்க.”

யார் நம்பினார்கள்? மீன் நிறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாவம், சாகப்போற நேரத்துலயும் புருஷனை விட்டுக்கொடுக்கல பாரு” என்றாராம். உண்மையைச் சந்தைக்குக் கொண்டுவந்தாள். அதைப் பத்தினியின் பொய் என்று பரிதாபப்பட்டு வாங்கிக்கொண்டீர்கள். இதைவிடத் துயரம் ஒன்று உண்டா?

அவள் இறப்பதற்கு முன் ஒரு பிற்பகல். சன்னலோரம் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். இதை அவனே எனக்குச் சொன்னான்.

“அந்தச் சிறைக்கதவுப் பாட்டைப் பாடு.”

“வேணாம், எர்சீலியா.”

“இங்க மாடியும் இல்ல, விசிலும் இல்ல. பாடு.”

பாடினான். அந்த இடம் வந்தது. உடைந்தது. அவள் கேட்டாள்:

“இது பொய்யில்லையே?”

“இல்ல. இப்பல்லாம் இப்படித்தான்.”

அவள் அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, “என்னால உனக்கு இப்படி ஆயிடுச்சே” என்றாள். “நான் கோபமா இருந்தேன். இப்ப கோபம் இல்ல. ஆனா நீ செஞ்சது சரின்னு சொல்ல மாட்டேன்.” “சொல்லாத” என்றான் அவன். இருவரும் அழுதார்கள். அந்த வாரமே அவளை அடக்கம் செய்தார்கள்.

பல காலம் கழித்து, என் குழுவோடு இந்த அரங்குக்கே வந்தேன். கூட்டுப்பாட்டுக்கு உள்ளூர் ஆட்களைச் சேர்த்திருந்தார்கள். கடைசி வரிசையிலே, மர ஈட்டி பிடித்த சிப்பாய்களோடு சிப்பாயாக, ஒரு நரைத்த மனிதன். எவரிஸ்தோ. அரசர்களை எழுந்து நிற்க வைத்தவன், அட்டைக் கவசத்தோடு நிற்கிறான். கூட்டத்தோடு கூட்டமாகப் பாடுகிறான். உச்ச சுரம் வரும்போது வாயை மூடிக்கொண்டு மற்றவர்களைப் பாட விடுகிறான்.

நாடகம் முடிந்ததும் அவனைப் பிடித்து உலுக்கினேன். “உலகத்துக்கு உண்மையைச் சொல்லேன்டா. நான் சாட்சி சொல்றேன்.”

“நான் இருக்கிற வரைக்கும் வேணாம்.”

“குரல் போச்சேன்னு உனக்கு வருத்தமே இல்லையா?”

அவன் அட்டைக் கவசத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்: “குரல் என்னுது. என் விருப்பத்துக்குக் கொடுத்தேன். அதுக்கு வருத்தம் இல்ல. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், உல்தெரீக்கோ. முதல் நாள் நேரம் இல்ல. சரி. அப்புறம் எத்தனை நாள் இருந்தது? ஒரே வீட்டுலதானே இருந்தோம்? கேட்டா வேணாம்னு சொல்லிடுவாளோன்னு பயந்து, கேக்கவே இல்ல. அதுதான் இங்க நிக்குது” என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

பெருமக்களே! தன் புகழை இழந்து இன்னொருவருக்கு நிழல் கொடுத்தவனை என்ன சொல்லி அழைப்பது? தியாகி என்றால் அவனே மறுப்பான். முட்டாள் என்றால் நான் மறுப்பேன். மனிதன் என்று சொல்வோம். நேசித்தான், அளவுக்கு மீறி நேசித்தான், கேட்காமல் நேசித்தான். உங்கள் வீட்டிலும் ஒருவர் உங்களுக்காகச் சொல்லாமல் எதையோ சுமந்துகொண்டிருக்கலாம். நீங்களும் சுமந்துகொண்டிருக்கலாம். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சாமல் கேளுங்கள். கேட்ட பிறகும் சுமப்பதென்றால், இருவரும் சேர்ந்து சுமங்கள்.

இப்போது கல்லைத் திறக்க வேண்டும். நகரத் தந்தை அவர்கள் என்னைத் திறக்கச் சொன்னார். நான் மாட்டேன். பிரபுக்களும் வேண்டாம். மீன் சந்தையிலிருந்து வந்தவர்கள் திறக்கட்டும். அன்று கூவியது யார் என்று யாரும் கை தூக்க வேண்டாம். எல்லோரும் சேர்ந்து கயிற்றைப் பிடியுங்கள். வலை இழுப்பது போல, மெதுவாக, ஒரே மூச்சில் இழுங்கள்.

விழுந்தது துணி. படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குப் படித்துச் சொல்லுங்கள். இரண்டு பெயர்கள் இருக்கின்றன. எர்சீலியாவின் பெயர் மேலே இருக்கிறது. தன் முறை வந்ததும் தன் குரலில் தானே பாடிய பாடகியாக அவள் பெயர் அங்கே இருக்கிறது. எவரிஸ்தோவிடம் கேட்டுத்தான் பொறித்தேன். சாகும் முன்னே கேட்டேன். தலையை ஆட்டினான்.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கும், கயிறு பிடித்த கைகளுக்கும், இந்த மேடையைக் கிழவனுக்குத் தந்த தலைவர் அவர்களுக்கும் என் நன்றி. கடல் உங்களைக் காக்கட்டும். வணக்கம்.