கீறல் இல்லாத தட்டில் கேட்ட சத்தம்

என் வயது ஐம்பத்து நான்கு. கணவர் காலமாகிவிட்டார். பேருந்து பணிமனைக்குப் பின்புறத் தெருவில் மாடியில் குடியிருந்துகொண்டு, கீழே கிராமபோன் தட்டுக்கடை நடத்தி வருகிறேன். பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது, ஊசியக்கா என்றால் கடை வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். இவ்வழக்கின் எதிரி என் உடன்பிறந்த தம்பி. அவர் தட்டு அச்சடிக்கும் பட்டறை வைத்திருக்கிறார்.

சென்ற ஆண்டு தம்பி கடைக்கு வந்து, மூடிப்போன ஒரு கம்பெனியின் கிடங்கில் பழைய ஜாஸ் பாட்டுகளின் அசல் உலோக அச்சுகள் கிடைத்ததாகவும், அவற்றிலிருந்தே அரக்குத் தட்டுகளை மறுபடி அடிக்கப்போவதாகவும் கூறினார். ஓர் அச்சையும் அதில் அடித்த தட்டையும் காட்டினார். போட்டுக் கேட்டேன். பாட்டு தொடங்கும் முன் அரக்கின் சன்னமான இரைச்சல் மட்டுமே இருந்தது. பழைய தட்டை ஓடவிட்டு நகலெடுத்திருந்தால் அதன் இரைச்சலும் சேர்ந்து கேட்டிருக்கும். அந்த ஒரு தட்டு அசல்தான். அதன் பிறகு வந்தவையெல்லாம் ஒட்டிய உறையில் வந்தன. உறை பிரித்த தட்டைப் புதிது என்று யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் நான் பிரிக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் அசல் அச்சில் அடித்தது என்று என் வாயாலேயே சொல்லி விற்றேன்.

அதன் பிறகு புகார்தாரரான பல் டாக்டர் தான் வாங்கிய தட்டுடன் வந்து, டிரம்பெட் வாசிக்கும் இடத்தில் டக் டக் என்று அடிப்பதாகச் சொன்னார். ஊசி சொத்தையாகியிருக்கும், பிடுங்கிவிட்டு வேறு போடுங்கள் என்று கேலி பேசினேன். அவர் நகரவில்லை. என் கிராமபோனில் போட்டேன், அதிலும் அடித்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் தட்டில் கீறலோ விரிசலோ இல்லை. அப்படியானால் அது நகலெடுக்க ஓடவிட்ட பழைய தட்டிலிருந்து பதிவில் ஏறிய சத்தம். அது எனக்குப் பழகிய சத்தம்.

மாடிக்குப் போய் அதே பாட்டுள்ள என் கணவரின் பழைய தட்டை எடுத்துவந்தேன். வீடு மாறும்போது அவர் கைதவறிப் போட்டு ஓரத்தில் விரிசல் விட்ட தட்டு அது. கேட்டுவிட்டுத் தருவதாகத் தம்பி ஒருமுறை வாங்கிப்போயிருந்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டோம். இரண்டிலும் அந்த டக் டக் டிரம்பெட் எழும்பும் அதே இடத்தில் தொடங்கி, அதே இடத்தில் அடங்கியது. டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் தட்டை உறைக்குள் போட்டார்.

அதன் பிறகு பட்டறைக்குப் போனேன். தம்பி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அச்சு ஒண்ணுதான்க்கா கிடைச்சுது. நீ சொன்னா மறுபேச்சு இல்லாம வாங்குவாங்கன்னு தெரியும். இப்பவும் ஊசிக் கோளாறுன்னு ஒரு வார்த்த சொல்லு, எல்லாம் அடங்கிடும்" என்றார்.

"என் காத நான் எங்கடா கொண்டுபோய் வைக்கிறது?" என்று கேட்டேன். அன்றே எனக்கு மனசு விட்டுப்போயிற்று. நான் சொன்னால் இன்றும் நம்புவார்கள், அதனால்தான் அப்படிச் சொல்ல மறுத்து இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். அந்தத் தட்டு நகல்.

எனக்கும் எதிரிக்கும் முன்விரோதம் உண்டா என்று விசாரணை அதிகாரி கேட்டார். இல்லை. அம்மா இறந்தபோது அவனுக்கு நான்கு வயது. அதன் பிறகு அவனை நான்தான் வளர்த்தேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே, உண்மையாக உள்ளது.

(ஒப்பம்)
ஊசியக்கா