சோப்பு வாசம் அடித்த கிண்ணம்

இதில் ஒரு எழுத்து பொய் இருந்தாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. என் கடைக்கு ஹூக்கா பிடிக்க வருகிறவர்கள் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குடுவையைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள், குழாயில் சுற்றிய ஜரிகையைத் தடவிப் பார்ப்பார்கள். உச்சியில் குந்தியிருக்கிற புகையிலைக் கிண்ணத்தை ஒருத்தரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ருசி முழுக்க அங்கேதான் இருக்கிறது.

கிண்ணம் வாங்கப் போனால் பளபளப்பு பூசியதைத் தொடாதீர்கள். சுட்ட மண்ணாக எடுங்கள். நகத்தால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். நாக்கு நுனியை வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டினால் மண்ணுக்குத் தாகம் இருக்கிறது என்று அர்த்தம். கொடுத்ததையெல்லாம் குடித்து வைத்துக்கொள்ளும். புதுக் கிண்ணத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, உள்ளே தேன் தடவ வேண்டும். அதற்கப்புறம் அவ்வப்போது தேன் பூச்சு. சோப்பு மட்டும் ஆயுசுக்கும் படக்கூடாது. பட்டால் அந்தச் சோப்பையும் குடித்துவிடும்.

அப்படி நான் வளர்த்தது ஒரு கிண்ணம். அதில் புகையிலையைக் காம்பு நீக்கி, உதிர்த்து, அமுக்காமல் பஞ்சு போலப் பரப்பி, மேலே அலுமினியத் தாளை மத்தளத் தோல் மாதிரி இழுத்துக் கட்டி, ஊசியால் துளை போட்டு, சாம்பல் பூத்த கரியை வைத்தால், பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வார். எங்கள் கடைப் புகை வந்தால் அவருக்கு மயக்க ஊசி மிச்சம். சந்தேகமென்றால் அவரைக் கேளுங்கள். இல்லையென்பார், தொழில் ரகசியம்.

கடையை என்னோடு சேர்ந்து பார்த்துக்கொண்டவன் என் தங்கை புருஷன். நல்ல பையன். சத்தமாகப் பேச மாட்டான். கொஞ்ச காலமாக ஒரு கெட்ட பழக்கம் தொற்றியிருந்தது. நான் வாசனைப் புகையிலை டப்பாவைத் திறந்தால் தோளுக்கு மேலே மூக்கை நீட்டுவான்.

"மச்சான், இது புதினா. திராட்சை அந்தப் பக்கம் இருக்கு."

யார் கேட்டது? இத்தனை வருஷம் என் மூக்கை நம்பித்தானே அந்தக் கடை ஓடியது. அலமாரியில் தேன் புட்டியும் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணிப் புட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரே நிறம், ஒரே கொழகொழப்பு. அதையும் தள்ளித் தள்ளி வைப்பான். நான் எடுத்துப் பழைய இடத்திலேயே வைப்பேன்.

இந்தக் கோடையில் ஒரு நாள் தையல்காரர் வந்தார். எங்கள் பழைய வாடிக்கை. காலையில்தான் தேன் பூசிய கிண்ணம், அதையே அவருக்குத் தயார் செய்து கொடுத்தேன். ஒரே ஒரு இழுப்பு. குழாயைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன பெரியவரே, துணி துவைச்ச தண்ணியை இழுக்குற மாதிரி இருக்கு?"

கடையில் நாலு பேர் சிரித்தார்கள். "இனிமே இங்க குளிச்சிட்டே போயிடலாம்" என்றான் ஒருவன். நான் கிண்ணத்தை எடுத்து முகர்ந்தேன். சோப்பு. சந்தேகமே இல்லை. மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவன் என்னையும் பார்த்தான், அலமாரியையும் பார்த்தான். அப்புறம் தையல்காரரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என் தப்புண்ணே. நான்தான் தெரியாம சோப்பு போட்டுக் கழுவிட்டேன். மச்சானை ஒண்ணும் சொல்லாதீங்க."

அவன் வாயாலேயே சொன்னான் ஐயா. இதற்கு மேல் சாட்சி எதற்கு? எல்லோரும் போன பிறகு என் தோளைத் தொட்டு, "விடுங்க மச்சான், வெளிய தெரியாது. நான் பாத்துக்கறேன்" என்றான். செய்ததையும் செய்துவிட்டு ஆறுதல் வேறு.

நான் கோபப்படவில்லை. கோபக்காரன் அவசரப்படுவான், கரி சரியாகப் பிடிக்காது. மதியம் சாப்பிட்டதும் பின்பக்கச் சரக்கு அறையில் படுப்பது அவன் வழக்கம். ஜன்னல் கிடையாது, கரியின் விஷக் காற்று போக வழியில்லை. அவனுக்கென்று அந்தக் கிண்ணத்தையே தயார் செய்தேன், ஒரு குறை வைக்கவில்லை. கரியை மட்டும் சாம்பல் பூக்கும்வரை விடவில்லை, அரைகுறையாகவே வைத்தேன். அறைக் குளிருக்கு என்று ஒரு தட்டு நிறைய அதே கரியையும் வைத்தேன். கோடைதான்.

"நீங்களே எனக்குப் போட்டுக் கொடுக்கறீங்களா மச்சான்?" என்றான். கண் கலங்கியிருந்தது. "கோவம் தீந்துச்சா?"

"தீந்துச்சு மாப்ளே. நிம்மதியாப் படு."

வெளியே வந்து தாழ் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "தலை வலிக்குது, கதவைத் திறங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. ரேடியோவில் செய்தி போய்க்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டிவைத்தேன். இரண்டு தட்டுத் தட்டினான். மூன்றாவது தட்டு அவ்வளவு பலமாக இல்லை.

சாயங்காலம் தங்கை வந்தாள். "அண்ணே, அவர் எங்க?" என்றாள். "தூங்கறாரும்மா" என்றேன். கதவைத் திறந்து பார்த்த பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதாள். பிடித்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு?

வேறு பகை உண்டா என்று திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். இல்லை. மண் கிண்ணத்தில் சோப்பு போட்டான், நான் கொன்றேன், அவ்வளவுதான். கையெழுத்து எங்கே போட வேண்டும்? நீங்கள் கூட்டிவந்த டாக்டர் என் மூக்குக்குக் கீழே எதையெதையோ நீட்டிச் சோதித்தாரே, அதையும் அடியில் சேர்த்துக்கொள்ளுங்கள். போன மழைக்காலத்து ஜுரத்திலிருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியாது. அது தெரிந்திருந்த ஒரே ஆள் மாப்பிள்ளை.