அரைச் சுற்று

சிகரெட் வேண்டாம் ஐயா. வேலைக்குச் சேர்ந்த வருடமே விட்டுவிட்டேன். நாக்கு மரத்துப்போனால் என் பிழைப்பு நடக்காது.

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவன் நான். மேட்டில் ஒரு கிணறு, கடற்கரைப் பக்கம் ஒரு கிணறு. இரண்டும் என் தொட்டியில் கலந்துதான் குழாய்க்குப் போகும். மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. அளவோடு இறைத்தால் கடல் தன் இடத்தில் கிடக்கும். பேராசையாக இறைத்தால் அடியிலேயே ஊர்ந்து உள்ளே வந்துவிடும். வந்துவிட்டது. மேட்டுக் கிணறு வற்றிக்கொண்டே வந்தது, கரைக் கிணறு கரித்தது.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கரைக் கிணற்றை மூடி ஓய்வு கொடுக்க வேண்டும். இனி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் சொன்னார். அவர் வீட்டுக்குள் காலிக் குடங்களை வீசினார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரைவிட்டே போனார். அந்த வம்பு எனக்கு வேண்டாமென்று நினைத்தேன்.

அதனால் கரைக் கிணற்று வால்வை அரைச் சுற்று திறந்தேன். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு அரைச் சுற்று. உப்பு திடீரென்று ஏறினால்தான் நாக்கு சுளிக்கும், மெல்ல ஏற்றினால் பழகிக்கொள்ளும். உப்பு அளக்கும் மீட்டர் என்ன காட்டினால் என்ன, ஜனங்கள் நாக்கால்தானே குடிக்கிறார்கள். எனக்கு மட்டும் பம்ப் அறையில் கேன் தண்ணீர் வைத்திருந்தேன். என் நாக்கும் பழகிவிட்டால் எவ்வளவு ஏற்றலாம் என்று யார் சொல்வது?

ஒரே ஒரு நாக்குதான் கண்டுபிடித்தது. என் அக்கா. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள், என்னோடுதான் இருந்தாள். ரத்தக் கொதிப்பு, சிறுநீரகமும் பழுது. டாக்டர் சொன்னதிலிருந்து சமையலில் ஒரு கல் உப்புக்கூடச் சேர்ப்பதில்லை. "உப்பில்லாமத் தின்னு தின்னு எனக்கு ரோஷமே போச்சுடா" என்று சிரிப்பாள்.

ஒருநாள், "தம்பி, தண்ணி கரிக்குதுடா" என்றாள்.

"அது மாத்திரையால வர்றது அக்கா. தண்ணியில ஒண்ணுமில்ல."

நம்பினாள். நான் எது சொன்னாலும் நம்புவாள்.

அவளுக்கும் கேன் தண்ணீர் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஒரு டம்ளர் கொடுத்திருந்தால் போதும், வித்தியாசம் தெரிந்துபோயிருக்கும். அக்காவுக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது, தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள்.

கால் வீங்கியது. டாக்டர் கடிந்துகொண்டார். "திருட்டுத்தனமா உப்பு சேத்துக்கிறீங்களாம்மா?" இல்லை என்று அக்கா சத்தியம் செய்தாள். அவர் என்னைப் பார்த்தார்.

"ஒளிச்சு வச்சு சாப்பிடுறாங்க டாக்டர்" என்றேன்.

திரும்பி வரும்போது அக்கா, "ஏண்டா அப்படிச் சொன்னே?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் மறுநாள் மேட்டுக் கிணறு இன்னும் இறங்கியிருந்தது, இன்னொரு அரைச் சுற்று திறக்க வேண்டியிருந்தது.

மற்ற வீடுகளிலும் சாவு விழுந்தது என்கிறீர்கள். விழுந்திருக்கலாம். யாரும் என்னிடம் வந்து குறை சொன்னதில்லை.

தண்ணீர் நிறையக் குடித்தால் உடம்பிலிருக்கும் உப்பு கரைந்துபோய்விடும் என்று அக்கா தானாகவே முடிவு செய்துகொண்டாள். சொம்பு சொம்பாகக் கேட்டாள். குழாயில் பிடித்துக் கொடுத்தேன். கடைசி வாரம் டம்ளரைப் பிடிக்கக்கூடக் கையில் தெம்பில்லை. நான்தான் தலையைத் தூக்கி வாயில் ஊற்றினேன். "இப்பல்லாம் கரிக்கலடா தம்பி" என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அக்காவைச் சரியாகக் கவனிக்காமல் விட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் ஐயா.