ஜப்பான் பெட்டி

எங்கள் சங்கரன்கோவிலில் ஒரு சாமானைக் கையில் எடுத்ததும் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள் சார். எந்த நாட்டில் செய்தது என்று தெரிந்த பிறகுதான் மற்றப் பேச்சு. கடையநல்லூர்க்காரர்கள் அந்தக் காலத்தில் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் டார்ச் இன்னும் சில வீடுகளில் எரிகிறது. அந்தப் பழக்கம்.

அதனால் கிணற்று மோட்டாருக்கு வைக்கும் டிரிப் பெட்டிகளில் நான் 'மேட் இன் ஜப்பான்' என்று ஒட்டினேன். ஷாக் அடித்தால் தானாகக் கரண்டை நிறுத்தும் பெட்டி அது. என் கடைக்குப் பின்னால் நான் செய்ததில் ஒரு பச்சை விளக்கு மட்டும் எரியும். நிறுத்துகிற பாகம் உள்ளே கிடையாது. கனத்துக்கு ஓர் இரும்புத் துண்டு வைத்தேன். நம் நாட்டுப் பெயரை இதில் நான் ஒருநாளும் இழுத்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மேலநீலிதநல்லூர் தங்கசாமி என்னிடம் ஒன்று வாங்கினார். மனைவி சுமதி தனியாகப் போய் மோட்டார் போடுகிறவள், அவளுக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்றார். நானே போய் மாட்டிக்கொடுத்தேன்.

அன்று காலை பக்கத்துத் தோட்டத்தில் வேலையாக இருந்தேன். அலறல் கேட்டு ஓடினேன். மோட்டார் அறையில் சுமதி ஈரத் தரையில் கிடந்தாள். கை குழாயை விடவில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தங்கசாமி கடைசி வரப்பிலிருந்து ஓடிவந்துகொண்டிருந்தார்.

அவர் வந்து சேர்வதற்குள் நான் மெயினை அணைத்திருந்தேன். சுமதிக்கு மூச்சு இல்லை. வெகுநேரம் கழித்துத்தான் அவர் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார்.

"சைனான்னு போட்டிருக்கே அண்ணாச்சி. ஜப்பான்னுல்லா சொன்னிய."

"என்னையும் ஏமாத்திட்டானுவ, தங்கசாமி."

என் தோளில் சாய்ந்து அழுதார். துட்டி விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் சைனா சாமானைத் திட்டினார்கள். ஜப்பானை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஸ்டிக்கருக்கு அடியில் வேறு பசை இருந்ததை நீங்கள் கண்டுபிடித்தது சரிதான். மெயின் சுவிட்ச் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் வாசுதேவநல்லூர் வரைக்கும் அதே பெட்டி அதே பெயரோடு தொங்குகிறது. அத்தனை பேரின் நம்பிக்கையும் கெட்டுவிடக் கூடாதே என்று முதலில் ஜப்பானை உரித்தேன். சார்ஜர்களிலிருந்து உரித்த சைனா ஸ்டிக்கர்கள் என் பையில் எப்போதும் கிடக்கும். ஒன்றை எடுத்து நேராக ஒட்டினேன். ஓரம் எழும்பி நின்றது, கட்டைவிரலால் நீவிவிட்டேன். அதுவரை சுமதி கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அதனால் நான் பதறவில்லை.