யுகிகோ எடுத்துச் சொன்ன சேதி

சாயங்காலம் ஆறரை மணி. ஐப்பசி மாதம். கடம்பூரிலிருந்து கோவில்பட்டிக்கு வரும் ரோடு... மழை பெய்கிற நேரத்தில் அதில் வந்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் கரிசல்காடு. வீடு கிடையாது, விளக்கு கிடையாது. நாலு தூற்றல் விழுந்தால் மண்ணும் தாரும் ஒரே கறுப்பு. எது ரோடு, எது காடு என்று வண்டி ஓட்டுகிறவனுக்கே தெரியாது.

சிரிக்காதே. நெருங்கி உட்கார். கரண்ட் வர இன்னும் நேரம் இருக்கிறது. இது வேறு யாருக்கோ நடந்ததில்லை, நம் மைதீனுடைய தங்கச்சிக்கு நடந்தது. மைதீன் இன்றைக்கு வரவில்லை, அதனால்தான் வாயைத் திறக்கிறேன். நாளைக்கு அவனிடம் போய் யாராவது இதைக் கேட்டு வைத்தீர்கள்... அப்புறம் என் முகத்தில் முழிக்காதீர்கள்.

தங்கச்சி பெயர் அப்சானா. இங்கிலீஷில் பி.ஏ. படித்தவள். புருஷன் தௌசிப் கடலை மிட்டாய் டப்பாக்களை பைக்கில் கட்டிக்கொண்டு கடம்பூர், கயத்தாறு என்று கடை கடையாகப் போடுகிறவன். பத்தாவது தாண்டாதவன். ஆனால் பெண்டாட்டி படிப்பில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. இரண்டாயிரத்து எட்டில் நம் ஊருக்கு நெட் வந்ததும் வராததுமாக வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தவன் அவன்தான். மதுரையில் ஒரு கம்பெனி, ஜப்பான்காரர்களுக்கு இங்கிலீஷ் பேசப் பழக்கிவிட ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டு அவளை அழைத்துக்கொண்டு போனவனும் அவன்தான்.

வேலை இதுதான். காதில் ஹெட்போன், வாய்க்கு நேராக மைக். அந்தப் பக்கம் வேலை வெட்டி பார்க்கும் வயது வந்த ஜனம். முகம் தெரியாது, குரல் மட்டும். இவள் பேசவேண்டும், அவர்களைப் பேச வைக்கவேண்டும். அவர்கள் வார்த்தை கிடைக்காமல் திணறினால் எடுத்துக் கொடுக்கக் கூடாது, காத்திருக்கவேண்டும். பாடம் நடக்கும்போது வீட்டுச் சத்தம் எதுவும் கேட்கக் கூடாது. கம்பெனிக்காரர்கள் நடுவில் புகுந்து ஒட்டுக் கேட்பார்கள்.

"எங்க வீட்ல ஜப்பான்காரங்களுக்கே பாடம் எடுக்காங்க, தெரியும்லா?" தௌசிப் மிட்டாய் போடுகிற கடையிலெல்லாம் இதைச் சொல்லாமல் வரமாட்டான். கடைக்காரர்கள் அவன் தலையைப் பார்த்ததும், "ஏலே, ஜப்பான் மாப்பிள்ளை வந்தாச்சு" என்று கேலி செய்வார்கள்.

அவளிடம் படித்தவர்களில் யுகிகோ என்று ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். ஏதோ வெந்நீர் ஊற்று இருக்கும் மலையூரில் ஒரு லாட்ஜில் வேலை. முன்னால் உட்கார்ந்து போன் எடுத்துப் பேசும் இடத்துக்கு வந்துவிடவேண்டும் என்று ஆசை. வெளிநாட்டு ஆட்கள் போன் செய்தால் பதில் சொல்லத் தெரிய வேண்டுமே. அதனால் போன் பேசும் பாடத்தையே திரும்பத் திரும்பக் கேட்பாள்.

அன்றைக்கு வியாழக்கிழமை. அந்தி நேரத்து மஃரிப் தொழுதுவிட்டு அப்சானா பாடத்துக்கு உட்கார்ந்தாள். தேடுகிற ஆள் இல்லாதபோது போன் வந்தால் என்ன சொல்லவேண்டும், சேதியை எப்படி வாங்கி வைக்கவேண்டும்... அதுதான் பாடம்.

மேசையில் அவளுடைய செல்போன் அதிர்ந்தது. டிர்ர்ர்... டிர்ர்ர்...

தௌசிப்தான். பாட நேரத்தில் அவன் கூப்பிடவே மாட்டான்.

"டீச்சர், உங்கள் போன்" என்றாள் யுகிகோ.

"பரவாயில்லை, நீங்கள் சொல்லுங்கள்" என்றாள் அப்சானா.

நின்றது. மறுபடியும் டிர்ர்ர்... போனைத் தூக்கி மடியில் வைத்துத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டாள். மூன்றாம் தடவையும் அடித்தது. துணிக்குள் அது துடிப்பது தொடையில் தெரிந்தது. அப்புறம் அடங்கிவிட்டது. யுகிகோ அன்றைக்குத் தப்பில்லாமல் பேசினாள். இவளும் மனதாரப் பாராட்டினாள்.

பாடம் முடிந்ததும் திருப்பிக் கூப்பிட்டாள். அடித்தது, அடித்தது... எடுத்தது ஒரு போலீஸ்காரர். மழையில் லோடு லாரி.

மய்யத்தை அடக்கிவிட்டு வந்தார்கள். அப்சானா இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷன் மவுத்தானால் பெண்டாட்டி நாலு மாதம் பத்து நாள் வீட்டுப் படி தாண்டாமல் இருப்பதுதான் இத்தா. வருகிறவர்கள் எல்லாரிடமும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"என்னத்தச் சொல்லத்தான் கூப்பிட்டிருப்பாங்க?"

"சும்மா கூப்பிட்டிருப்பான்ம்மா" என்பான் மைதீன். அவளுக்கு ஆறாது. சும்மா கூப்பிடுகிறவன் மூன்று தடவை கூப்பிடுவானா? அழுதுகூடத் தீர்க்கவில்லை. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த மாமியார் மெஹராஜ் பேகம்தான் கடைசியில் மனதைத் திடம் செய்துகொண்டு, "ஏட்டி, இப்படியே இருந்தா நீயும் போயிருவ. அந்தப் பொம்பளயளுக்குப் பாடமாவது எடு" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள்.

மாசி மாதம். அதுவும் வியாழக்கிழமைதான். வெளியே காடு காய்ந்து கிடக்கிறது, கரிசல் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. உள் அறையில் மெஹராஜ் பேகம் மகனுக்காக யாசீன் ஓதிக்கொண்டிருந்தாள். ஊதுபத்தி வாசம்.

யுகிகோவுக்கு லாட்ஜில் பரீட்சை வைக்கப் போகிறார்களாம். "அந்தப் போன் பாடம் இன்னொரு தடவை, டீச்சர்" என்று கெஞ்சினாள். தௌசிப் கூப்பிட்டபோது எடுத்துக்கொண்டிருந்த அதே பாடம். ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல அப்சானாவுக்கு வாய் வரவில்லை. யுகிகோ லாட்ஜ்காரி, இவள் போன் செய்து ஆளைக் கேட்கிறவள். புத்தகத்தில் மிஸ்டர் ஸ்மித் என்றுதான் இருக்கிறது. இவள் வாயில் வந்தது வேறு.

"மிஸ்டர் தௌசிப்புடன் பேசலாமா?"

அவர் இல்லை, சேதி ஏதும் உண்டா என்று யுகிகோ சொல்லவேண்டும். சொல்லவில்லை. வழக்கம்போல வார்த்தை தேடுகிறாள் என்று அப்சானா காத்திருந்தாள்.

ஹெட்போனில் மெல்ல ஒரு சத்தம்... சோவென்று... முதலில் லைன் இரைச்சல் என்று நினைத்தாள். பிறகு அதில் சொட்டுச் சொட்டாகத் தனித்துக் கேட்டது. சிமெண்ட் கூரையிலிருந்து தண்ணீர் வடிகிற சத்தம்.

"டீச்சர், உங்கள் ஊரில் பெரிய மழை" என்றாள் யுகிகோ.

அப்சானா ஜன்னலைப் பார்த்தாள். புழுதி. ஆனால் அறைக்குள்... நனைந்த கரிசல்மண் வாசம். கூடவே பெட்ரோல் வாசம்.

அந்தப் பக்கம் யுகிகோ ஜப்பான் பாஷையில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஹை... ஹை..." சரி, சரி என்று அர்த்தம். பிறகு இங்கிலீஷுக்குத் திரும்பினாள். குரலில் குதூகலம்.

"டீச்சர், பரீட்சைக்காக மூன்றாவது ஆளைச் சேர்த்தீர்களா? லைனில் ஒருவர் இருக்கிறார். ஜப்பான் பாஷை எவ்வளவு நன்றாகப் பேசுகிறார்!"

பத்தாவது தாண்டாத தௌசிப்.

அப்சானாவுக்கு மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. "யார் என்று... கேளுங்கள்" என்றாள்.

"கேட்டேன். பெயர் தௌசிப். மச்சான் என்று சொன்னால் டீச்சருக்குத் தெரியும் என்கிறார். மச்சான் என்றால் என்ன, டீச்சர்?"

அந்த வார்த்தையை அப்சானா எந்தப் பாடத்திலும் சொன்னதில்லை. வீட்டுக்குள் புருஷனைக் கூப்பிடுகிற வார்த்தையைப் பாடத்தில் எதற்குச் சொல்லப் போகிறாள்?

"அவர்... என்ன சொல்கிறார்?"

யுகிகோ மொழிபெயர்க்க ஆரம்பித்தாள். அவளிடம் இருந்ததே கொஞ்சம் இங்கிலீஷ். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தாள்.

"ரோட்டில்... நிற்கிறார். பஸ்... பஸ் நிற்கும்... சின்ன..." நின்றுவிட்டாள்.

"நிழற்குடையா? பஸ் ஸ்டாப்பா?" எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் எங்கேயோ போயிற்று.

"ஆமாம். மழை பலம். இருட்டு. அவர் கேட்கிறார்... இப்போது... புறப்படவா? இல்லை... மழை நிற்கும்வரை... அங்கேயே நிற்கவா?"

அவ்வளவுதான். அதைக் கேட்கத்தான் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறான். எடுத்திருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

"கெளம்பாதீங்க மச்சான்! அங்கனயே நில்லுங்க! கெளம்பவே கெளம்பாதீங்க!" அப்சானா மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

அவனுக்குக் கேட்கவில்லை. யுகிகோ பயந்துபோய், "டீச்சர்... மெதுவாக. இங்கிலீஷில், தயவுசெய்து" என்றாள்.

நெஞ்சு வெடிக்கிற நேரத்தில் அவள் டீச்சராகப் பேச வேண்டியிருந்தது. புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். புறப்பட வேண்டாம். அங்கேயே இருங்கள். காத்திருங்கள்.

யுகிகோ அதைத் தன் பாஷையில் சொன்னாள். கொஞ்ச நேரம் மழை மட்டும். பிறகு யுகிகோ, "ஹை" என்றாள்.

"சரி என்றார், டீச்சர். நீங்கள் போன் செய்யும்வரை அங்கேயே நிற்பாராம். சந்தோஷமாகச் சொன்னார்."

மழைச் சத்தம் பட்டென்று அறுந்தது.

"நான் சரியாகச் செய்தேனா, டீச்சர்?"

"ரொம்பச் சரியாகச் செய்தீர்கள்" என்று சொல்லி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அத்தனை மாதத்து அழுகையையும் அப்சானா அன்றைக்குத்தான் அழுதாள். அழுது முடித்துத் தூங்கினாள். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, அவனும் கேட்டுக்கொண்டான் என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதி ஒரு வாரம் இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை. மெஹராஜ் பேகம் மஃரிப் தொழுதுவிட்டு வாசலுக்கு நேராகப் போய் உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. தெரு அடங்கியும் எழுந்திருக்கவில்லை.

"என்ன மாமி, யாரப் பாக்குதீய?"

"இன்னைக்கு அவன் வரலியேட்டி..."

வியாழக்கிழமை பொழுது அடைந்தால் மவுத்தானவர்களுடைய ரூஹ் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகும் என்பார்கள் இல்லையா. தௌசிப் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். பெற்றவளுக்குத் தெரிந்திருக்கிறது. வாரா வாரம் வாசலில் பைக் ஸ்டாண்ட் போடுகிற சத்தம், பாகு காய்ச்சுகிற இடத்துக்குப் போய் வந்தவன் சட்டையில் அடிக்கிற வெல்ல வாசம்... மருமகள் பயந்துவிடுவாள் என்று வாய் திறக்காமல் தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். அந்த வாரம் சத்தமும் இல்லை, வாசமும் இல்லை.

அப்சானா நடந்ததைச் சொன்னாள். கேட்டு முடித்த மெஹராஜ் பேகம் திட்டவில்லை. மருமகள் தலையைத் தடவிக்கொண்டே, "வாங்கன்னு ஒத்தச் சொல்லு சொல்லியிருக்கலாமே, மகளே..." என்றாள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

தௌசிப் நம்பருக்குப் போட்டுப் பார்த்தாள், சுவிட்ச் ஆஃப் என்றுதான் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாடத்திலும் அப்சானா அதே பாடத்தை எடுத்தாள். மிஸ்டர் தௌசிப்புடன் பேசலாமா? யுகிகோ இப்போது ஒரு திக்கல் இல்லாமல், அட்சர சுத்தமாகப் பதில் சொன்னாள். மன்னிக்கவும், அவர் இங்கே இல்லை, சேதி ஏதும் சொல்லவேண்டுமா? லாட்ஜில் அவள் கேட்ட வேலையும் கிடைத்தது. நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இத்தா முடிந்தது. சித்திரை வெயிலில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், மைதீனை இழுத்துக்கொண்டு அப்சானா ஆட்டோவில் அந்த ரோட்டுக்குப் போனாள். லாரி அடித்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரே ஒரு நிழற்குடை. சிமெண்ட் பெஞ்சு, ஆட்டுப் புழுக்கை, அனல் காற்று. வேறு ஒன்றுமில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் பெருமாள்சாமி இவர்களைப் பார்த்துவிட்டுக் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"அவியளத் தேடி வந்தீயளா, தாயி?" என்று கேட்டவர், காலி பெஞ்சுக்குப் பக்கத்தில் பார்த்து, "அந்தா நிக்காவள்லா" என்றார்.

மைதீன் ஆட்டோப் பக்கம் பின்வாங்கினான். அப்சானா பயப்படவில்லை. "நனைஞ்சிருக்காங்களா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

"தலையில இருந்து சொட்டுது. எப்பப் பாத்தாலும் ஒண்ணுதான் கேப்பாவ. மழ விட்டுருச்சா அண்ணாச்சின்னு. விட்டுருச்சு சாமி, கெளம்புங்கன்னு நானும் சொல்லிட்டேன். வீட்ல இருந்து போன் வரட்டும்னுட்டாவ."

அப்சானா காலியான இடத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள். "வாங்க மச்சான். மழ விட்டுருச்சு. மாமி வாசல்லயே உக்காந்திருக்காங்க. வாங்க, வீட்டுக்குப் போவோம்..."

பெருமாள்சாமி தலையை ஆட்டினார்.

"கேக்கல, தாயி. ஒங்களப் பாக்கவும் இல்ல." பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "பொறுங்க... போன எடுக்காவ. ஒங்களுக்குத்தான் போடுதாவ போல."

அப்சானா பையைக் கொட்டிச் செல்போனை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். சிக்னல் முழுசாக இருந்தது.

"காதுல வச்சுட்டாவ" என்றார் பெருமாள்சாமி.

அவள் கையிலிருந்த போன் அடிக்கவில்லை.

"மறுபடி போடுதாவ..."

அடிக்கவில்லை. "அடிச்சிரு... அடிச்சிரேன்..." என்று அவள் போனைப் பார்த்துக் கெஞ்சினாள். மைதீன் முகத்தை மூடிக்கொண்டான். பெருமாள்சாமி அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லச் சொன்னார்.

"'எடுக்க மாட்டேங்காளே'ங்காவ, தாயி."