டாக்டர் வண்டி

அக்கா: கத்தியைக் கீழ வை.

தம்பி: கத்தி இல்லக்கா, பிளேடு.

அக்கா: பிளேடுன்னா வலிக்காதா? வண்டிக்குச் சொல்றேன். வை முதல்ல.

தம்பி: ஸ்டிக்கர் ஓரத்தை மட்டும் கொஞ்சம் தூக்கி விட்டுட்டா...

அக்கா: ஓரத்தோட சேந்து பெயின்ட்டும் வந்துடும். பாதி வண்டி என்னோடது, ஞாபகம் இருக்கட்டும். இப்ப நீ சுரண்டறது உன் பாதியா, என் பாதியா?

தம்பி: டிக்கி என் பாதி. இன்ஜின் உன் பாதி.

அக்கா: ஓ... செலவு வைக்கறதெல்லாம் என் பாதியா? தள்ளு. சோப்புத் தண்ணி போட்டுத் தொடச்சியா?

தம்பி: ஸ்டிக்கரைத்தானே எடுக்கப் போறோம்? அதை எதுக்குக் குளிப்பாட்டணும்?

அக்கா: புழுதியோட தேய்ச்சா ஸ்டிக்கர் போயிடும், கீறல் நின்னுடும். அந்தத் துணியை நனைச்சுக் குடு. ...ம். இப்ப இதைப் புடி. ஒயர் எட்டுதா பாரு, சமையக்கட்டு ஜன்னல் வழியா விட்டிருக்கேன்.

தம்பி: இது உன் ஹேர் டிரையர்.

அக்கா: பசையும் இதுல இளகும். ரொம்பக் கிட்டக்க வைக்காதே, ஒரு சாண் தள்ளிப் புடி. ஒரே எடத்துல நிறுத்தாம ஆட்டிக்கிட்டே இரு. கை வச்சுப் பாத்தா சூடு தாங்கணும், அவ்வளவுதான்.

தம்பி: ஜன்னலுக்கு ஸ்கிரீன் தைக்கறவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

அக்கா: தெரியும். நீ சொல்லு... மூணு வருஷமா சும்மா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்கு லீவு நாள், காலையில எழுந்ததும் பல்லுகூடத் தேய்க்காம இதுமேல என்ன கோவம்?

தம்பி: கோவமெல்லாம் இல்ல. நாம டாக்டர் இல்லையே.

அக்கா: வாங்கின அன்னிக்கும்தான் இல்ல. சாவியைக் குடுக்கும்போதே வண்டியை வித்த டாக்டரம்மா சொன்னாங்க, 'ஸ்டிக்கரை எடுத்துடுங்க'ன்னு. நீதான்...

தம்பி: நானா? 'இருக்கட்டும்டா, வண்டி நிறுத்த எடம் கிடைக்கும்'னு சொன்னது யாரு?

அக்கா: கிடைச்சுதா இல்லையா?

தம்பி: கிடைச்சுது. நான் வேலைக்குப் போற ஒரு ஆபீஸ் வாட்ச்மேன் எனக்கு சல்யூட் அடிப்பார். ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பண்ணப் போறவனுக்கு. டூல்ஸ் பையை மறைச்சு எடுத்துட்டு இறங்குவேன்.

அக்கா: முட்டி வலிக்கு உன்கிட்ட மருந்து கேட்டாராமே?

தம்பி: கேட்டார்.

அக்கா: என்ன சொன்னே?

தம்பி: வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொன்னேன்.

அக்கா: அடப்பாவி.

தம்பி: தேவலையாப் போச்சுன்னு சொன்னார்கா.

அக்கா: போதும், டிரையரை எங்கிட்ட குடு. இப்ப நகத்தால மூலையைத் தூக்கு. உன் பக்கமா இழுக்காதே... மடிச்சு, பின்னாடியே கொண்டு போ. வண்டியோட ஒட்டினாப்ல. மெதுவா.

தம்பி: வருதுக்கா.

அக்கா: வரும். போலீஸ்காரங்க யாராவது புடிச்சாங்களா?

தம்பி: ...ஆமா. டாக்டரா இல்லாம ஏன் ஒட்டியிருக்கேன்னு கேட்டார்.

அக்கா: எங்க?

தம்பி: அங்க... பாலத்துக்கிட்ட.

அக்கா: உனக்குப் பொய் சொல்ல வராதுடா. காது சிவந்துடுச்சு பாரு.

தம்பி: டிரையர் சூடு.

அக்கா: டிரையர் என் கையில இருக்கு. உன் காதுல இல்ல.

தம்பி: இந்த மூலை வர மாட்டேங்குது.

அக்கா: செவ்வாக்கிழமையில இருந்து நீ ஒழுங்கா சாப்பிடல. மாமாவே கேட்டார், உன் தம்பிக்கு என்ன ஆச்சுன்னு. அவர் கண்ணுல படற அளவுக்கு இருக்குன்னா...

தம்பி: கிழிஞ்சுடுச்சு.

அக்கா: கிழியட்டும். மறுபடி சூடு காட்டறேன். நீ சொல்லு.

தம்பி: செவ்வாக்கிழமை மத்தியானம் சிக்னல்ல நின்னுட்டிருந்தேன். ஒரு பொண்ணு ஓடி வந்து கண்ணாடியைத் தட்டுச்சு. காலேஜ் படிக்கற வயசு இருக்கும். 'டாக்டர், எங்கப்பா விழுந்துட்டார், கொஞ்சம் வாங்க'ன்னு. பஸ் ஸ்டாப்ல ஒருத்தர் கெடந்தார்கா. பாதி ஒடம்பு பெஞ்சுல, பாதி தரையில.

அக்கா: நீ என்ன பண்ணே?

தம்பி: நான் டாக்டர் இல்லம்மான்னேன். அது நம்பல. 'ஒட்டியிருக்கே... ஒட்டியிருக்கே'ன்னு ஸ்டிக்கரைக் காட்டுது. அது பழைய ஓனர் ஒட்டினதுன்னேன். அந்த நேரத்துல உக்காந்து அதுக்கு விளக்கம் சொல்லிட்டிருந்தேன்கா. அதுக்குள்ள பச்சை விழுந்துடுச்சு. பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கறாங்க...

அக்கா: கிளம்பிட்டே.

தம்பி: கிளம்பிட்டேன்.

அக்கா: ...பொய் சொல்லலையே நீ. இல்லாததை இல்லைன்னுதானே சொன்னே.

தம்பி: டாக்டரா இருக்க வேணாம்கா. வண்டி இருந்துச்சே. பின்சீட் காலியா இருந்துச்சே. அவரைத் தூக்கி உள்ள போட்டு ஆஸ்பத்திரிக்கு விட்டிருக்கலாமே. அதுக்கு என்ன படிப்பு வேணும்? இது எனக்கு அடுத்த சிக்னல்ல போய் நின்னப்புறம்தான் தோணுது.

அக்கா: திரும்பிப் போனியா?

தம்பி: போனேன். ஒருவழிப் பாதை, சுத்திக்கிட்டு வர்றதுக்கு இருபது நிமிஷம் ஆயிடுச்சு. பெஞ்சு காலி. தரை ஈரமா இருந்துச்சு, யாரோ தண்ணி தெளிச்சிருக்காங்க. பக்கத்துல பேப்பர் கடைக்காரரைக் கேட்டேன். ஏதோ ஒரு வேனை நிறுத்தி ஏத்திக்கிட்டுப் போனாங்களாம். அப்புறம் அவரே சொல்றார்... 'ஒரு டாக்டர் வந்தான் தம்பி. பாத்துட்டு, நிக்காமப் போயிட்டான்'னு.

அக்கா: உன்னை அடையாளம் தெரியலையா அவருக்கு?

தம்பி: வண்டியைத் தள்ளி நிறுத்திட்டுத்தான் போயிருந்தேன்.

அக்கா: அப்புறம்?

தம்பி: மூணு ஆஸ்பத்திரியில போய்க் கேட்டேன்கா. பேரு தெரியாம என்னன்னு கேக்கறது? 'நீங்க அவருக்கு என்ன உறவு'ங்கறாங்க. என்னன்னு சொல்றது?

அக்கா: ...இந்தா. இந்தத் துணியில எண்ணெய் தொட்டிருக்கேன். பசைமேல வச்சுக் கொஞ்ச நேரம் ஒத்திப் புடி. சமையல் எண்ணெய்தான். தின்னர் போட்டா பசையோட பெயின்ட்டும் கரைஞ்சுடும். ...அழுத்தாதே. ஊறினா தானா வழியும்.

தம்பி: அவர் பொழைச்சிருப்பார்தானே?

அக்கா: பொழைச்சிருப்பார்டா.

தம்பி: உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: தெரியாது. ...இப்ப சோப்புத் தண்ணியில ஒரு தடவை துடை. அப்புறம் காஞ்ச துணி.

தம்பி: போயிடுச்சு. ஆனா பாருக்கா, ஸ்டிக்கரோட கூட்டல் குறி அப்படியே தெரியுதே.

அக்கா: ஸ்டிக்கர் இருந்த எடத்துல வெயில் படல, பழைய நெறம் நிக்குது. சுத்தியிருக்கறதுதான் வெளுத்துப் போச்சு. பாலிஷ் போட்டுத் தேய்ச்சா கொஞ்சம் சமமாகும். கிட்டக்க வந்து பாத்தாத்தான் தெரியும்.

தம்பி: சரி, வா. முன்னாடி பானெட்ல இருக்கறதையும் எடுத்துடலாம்.

அக்கா: அதை நான் பாத்துக்கறேன். நீ போய்க் குளி.

தம்பி: ரெண்டு பேரும் சேந்தா சீக்கிரம்... அக்கா, இங்க வா. இதை யாரோ ஏற்கனவே சுரண்டியிருக்காங்க. மூலை பிஞ்சிருக்கு. பெயின்ட் போயி உள்ள தகரம் தெரியுது.

அக்கா: அந்த டாக்டரம்மா பண்ணியிருப்பாங்க.

தம்பி: வாங்கும்போது இல்ல. நாலு பக்கமும் போட்டோ எடுத்தவன் நான். ...நீயா?

அக்கா: ...சாவியால சுரண்டினேன். ரோட்டோரமா நிறுத்தி வச்சுக்கிட்டு.

தம்பி: எப்ப?

அக்கா: போன வருஷம். ஸ்கிரீன் டெலிவரி குடுக்கப் போன அன்னிக்கு.

தம்பி: எங்கிட்ட சொல்லவே இல்லையே. அப்புறம் ஏன் பாதியில விட்டே?

அக்கா: ரோட்டுல போறவங்க நின்னு பாத்தாங்க. வீட்டுக்கு வந்து எடுக்கலாம்னா... ஏன் எடுத்தேன்னு நீ கேப்பே.

தம்பி: உன்னையும் வந்து கூப்பிட்டாங்களா? ...சொல்லுக்கா. நீயும் டாக்டர் இல்லைன்னுட்டு வந்துட்டியா?

அக்கா: இல்லடா. நான் ஆமான்னேன். மார்க்கெட் வாசல்ல ஒரு பெரியவர், சட்டையெல்லாம் வேர்வை. அவர் மகன் ஒரு கையில அவரைத் தாங்கிக்கிட்டு, இன்னொரு கையில போனை வச்சு ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிட்டிருந்தான். வண்டியைப் பாத்துட்டு 'நீங்க டாக்டரா'ன்னு கேட்டது அந்தப் பெரியவர்தான். அந்த முகத்தைப் பாத்து இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பக்கத்துல உக்காந்து கையைப் புடிச்சேன், நாடி எங்க இருக்கும்னுகூடத் தெரியாம. 'ஒண்ணுமில்லய்யா, கண்ணை மூடிக்குங்க'ன்னேன். மூடிக்கிட்டார். மகன் போன்ல 'டாக்டர் வந்துட்டாங்க, நீங்க வர வேணாம்'னு சொல்லி வச்சுட்டான். போனை வைக்காதேன்னு நான் சொல்லலடா... சொன்னா நான் யாருன்னு தெரிஞ்சுடும்னு. கால் மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சு போச்சு. அந்தப் பையன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுத்தான் அப்பாவைத் தூக்கினான்.