தட்டிப் பார்த்த பாட்டில்

நல்ல பாட்டிலை நகத்தால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விழுந்ததென்றால் தொண்டை கட்டியவன் குரல்தான். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும், சார்ஜென்ட் தம்பி. மூடி போட்ட பிறகும் உள்ளே போட்ட சர்க்கரை புளித்து நுரைக்காற்று ஊறிக்கொண்டே இருக்கும். அதைத் தாங்கத் தடித்த பழுப்புப் பாட்டில்தான் வேண்டும். ஒரு முறை குடித்துவிட்டு வீசுவதற்கென்றே செய்த மெல்லிய ரகத்தை நான் தொடுவதே இல்லை.

கிரேமவுத் ரக்பி கிளப்பில் காலியாகிற பாட்டில்களைப் பொறுக்கி, வாயோரம் விரலை ஓட்டி, வெளிச்சத்தில் கீறல் பார்த்து, என் தங்கை ரேவின் வீட்டில் வைத்துக் கழுவி, ஒரு கரண்டி சர்க்கரையும் போட்டுத் தருவேன். பின்பக்கக் கொட்டகையில் காய்ச்சுவது அவள் புருஷன் பெவன். கிளப்பில் யாராவது பயந்தால், "நம்ம நோலீன் அக்கா தட்டின பாட்டில்டா. ரயிலே ஏறினாலும் உடையாது" என்பான்.

போன குளிர்காலத்தில் ரேவினின் வலது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் முகக்கட்டோடு, "பின்படியில தடுக்கி விழுந்துட்டேன், நோலீன்" என்றாள். அடி வாங்கும் பெண்கள் எல்லோரும் படியில்தான் விழுகிறார்கள். பெவன் கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தான். அவன் கைகள் எவ்வளவு பெரியவை என்று அன்றுதான் கவனித்தேன். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அவனுக்கு ஒரு பழக்கம். திறக்கும் முன் பாட்டிலைக் கொட்டகை ஜன்னலுக்கு நேரே தூக்கி, இடது கண்ணை மூடிக்கொண்டு, வண்டல் இறங்கிவிட்டதா என்று மூக்கருகே வைத்துப் பார்ப்பான்.

"முத்தம் குடுக்கப் போறியா என்ன?" என்று ரேவின் கேலி செய்வாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி உன்னையும் இப்படி ஒரு தடவ தூக்கிப் பாத்திருக்கணும்டி."

வசந்தத்தில் ஒரு மெல்லிய பாட்டிலைத் தேடி எடுத்தேன். தோளைச் சுற்றி மயிரிழை விரிசல். தட்டினேன், தொண்டை கட்டிய குரல். மற்றவற்றுக்குப் போட்டதைவிட அதற்குச் சர்க்கரை தாராளமாகவே போட்டேன். முன்வரிசையில், அவன் கைக்கு எட்டும்படி வைத்தேன்.

"இது புதுசா இருக்கே. நல்ல பாட்டில்தானே?" என்று கேட்டான்.

"நான் தட்டிப் பார்த்ததுதான்" என்றேன். அது பொய்யில்லை.

ஜன்னலுக்கு நேரே தூக்கினான். வெடித்ததில் அவனுக்கும் வலது கண்தான் போயிற்று. அதற்கு மேல் நான் ஆசைப்படவும் இல்லை.

நேற்று ரேவின் வந்தாள். உட்காரவில்லை. "படியில நீ கவுத்து வெச்சிருந்த பாட்டிலு தடுக்கித்தான் நான் விழுந்தேன். உனக்கு மனசு தாங்காதுன்னு, அவருதான் சொல்ல வேணாம்னாரு."

பாவம், இன்னமும் அவனைக் காப்பாற்றுகிறாள். பாட்டிலைப் படியில் கவிழ்த்து வைக்கும் பழக்கமே எனக்குக் கிடையாது, தம்பி. அன்று மட்டும் மழை விடவில்லை, கொட்டகையில் இடமில்லை.